நடுகல்லுக்கு அப்பால்

போர்க்களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வணங்கியது தமிழர் மரபு. காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதன் ஆறு துறைகளையும் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. ஆனால், உயிரோடு மீண்டும் உறக்கத்தைக் களத்திலேயே இழந்து வந்தவனுக்கு நாடு செய்யக் கடவது யாது?

சிங்கப்பூர்த் தமிழருக்கு இவ்வினா புதிதன்று. 1943ஆம் ஆண்டில் நேதாஜியின் அழைப்பை ஏற்று, மலாயாத் தோட்டத் தொழிலாளர் பலர் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். அப்படையினர் பலரைப் பர்மாக் காடுகளில் குண்டுகள் மட்டுமா மாய்த்தன? பசியும் மலேரியாவும் மாய்த்தன. மாண்டோர்க்கென எஸ்பிளனேடில் 1945இல் எழுந்த நினைவுச்சின்னத்தை ஆங்கிலேயர் அவ்வாண்டே தகர்த்தனர். ஐம்பதாண்டுகள் கழிந்து, 1995இல் அவ்விடத்தில் நினைவுப்பலகை நிறுவப்பெற்றது.

இறந்தோர் நினைவு மீண்டது. இருந்தோர் நிலை என்ன? 1972இல் இந்தியா தொடங்கிய விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டம் அப்படையினருக்கும் இடமளித்தது. வயிற்றுப் பசிக்கு அது துணையாயிற்று. நள்ளிரவில் நெஞ்சை உலுக்கும் நினைவுகளுக்கு அது மருந்தாகுமோ? அந்நோய்க்கு மருத்துவ உலகு தனிப்பெயர் சூட்டியதே 1980இல்தான். வியட்நாம் போரிலிருந்து மீண்டோர் பட்ட துயரே அதற்கு வழிகோலியது.

பெயர் பெற்ற நோய்க்குச் சட்டத்தின் துணையும் வேண்டும். முன்னாள் வீரர்க்கான மனநலத் திட்டங்களை ஆண்டுதோறும் வெளியார் மதிப்பிட வேண்டுமென அமெரிக்கா 2015இல் சட்டம் செய்தது. மனநல மருத்துவம் எல்லார்க்கும் உரிமை என்றது இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம். தற்கொலை முயற்சி குற்றம் என்ற நிலையைச் சிங்கப்பூர் 2020இல் நீக்கியது. தண்டனைக்கு அஞ்சித் துயரை மறைத்தவர் வாய்திறக்க இது வழியன்றோ!

1967 முதல் தேசிய சேவை இங்குக் கட்டாயக் கடமை. சிராங்கூன் சாலையில் பெற்றோருடன் நடந்து செல்லும் இளைஞருள், சீருடை அணிந்தவரும் இனி அணியவிருப்பவரும் எத்தனையோ பேர்! எனவே, இஃது அயலார் கவலையன்று. நம் இல்லத்துக் கவலை.

நெடுநல்வாடை காட்டும் வேந்தன், வாடை வீசும் நள்ளிரவில் பாசறையிற் புண்பட்ட வீரரைத் தானே நாடிச் சென்றான். அவர்கள் முறையிடும்வரை காத்திருக்கவில்லை. உடற்புண் கண்ணுக்குத் தெரியும். உள்ளத்துப் புண்ணோ தன்னை மறைத்துக்கொள்ளும். ஆதலின், சீருடையைக் களைந்த பின்னும் வீரனைத் தேடிச்சென்று நலம் கேட்கும் கடமையைச் சட்டமே விதித்தல் வேண்டும். மாண்டவனுக்குக் கல் நடுவது நன்றி. மீண்டவனை வாழவைப்பது அறம்.