கண்ணாடி சுமக்கும் கைகள்

கண்ணாடி என்றதும் நம்மில் பலருக்கு முகம் பார்ப்பது நினைவுக்கு வரும். கவிதை எழுதும் நண்பர்களுக்கு உடைந்த உள்ளம் நினைவுக்கு வரும். நம் ஆண்டு மலரில் அதைப் பற்றி இரண்டு கவிதைகளாவது இல்லாமல் போவதில்லை. எனக்கோ நினைவுக்கு வருவது எடைதான். என் தாய்மாமன் திருச்சிக் கடைவீதியில் கண்ணாடிக் கடைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமக்கும் வேலை பார்ப்பவர். விடுமுறை நாட்களில் நானும் அவருடன் போவதுண்டு. பெரும்பாலும் உளியும் அளவு நாடாவும் பசைக் குழாயும் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதே என் வேலை. இயற்பியல் மாணவன் என்பதால் நடக்கும்போது மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போவேன்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரைக் கிலோ எடை இருக்கும். எட்டடிக்கு நான்கடி அளவில் 5 மி.மீ. கனமுள்ள ஒரு ஷீட் 37 கிலோ. அதே அளவில் 12 மி.மீ. என்றால் 89 கிலோ. கிட்டத்தட்ட ஓர் அரிசி மூட்டைதானே என்று நீங்கள் கேட்கலாம். மூட்டையை முதுகில் போடலாம், தலையில் வைக்கலாம், களைத்துப் போனால் தொப்பென்று இறக்கியும் வைக்கலாம். கண்ணாடி சுமப்பவனுக்கு இந்தச் சலுகை ஒன்றுகூடக் கிடையாது.

கண்ணாடியைக் கொண்டு செல்வதில் முதல் விதி, அதைப் படுக்க வைக்கக் கூடாது என்பது. நான் முதன்முதலில் உதவிக்குப் போன நாளில், வண்டியின் தட்டில் ஷீட்டைப் படுக்க வைத்தால் வசதியாக இருக்குமே என்று கேட்டேன். மாமா சிரித்தார். “மாப்ளே, இந்த ஊர்ல படுத்துக்கிறதுக்குப் பெருமாளுக்கு மட்டுந்தான் உரிமை. கண்ணாடி நிக்கணும்” என்றார். ஸ்ரீரங்கத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குள் இருந்த பௌதிகம் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. படுத்திருக்கும் ஷீட் தன் எடையாலேயே நடுவில் தொய்கிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. அழுத்தத்தை எவ்வளவும் தாங்கும் கண்ணாடி இழுப்பைத் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அதன் மேற்பரப்பில் எப்போதும் இருக்கின்றன என்றும், இழுப்பு ஏற்பட்டால் அந்தக் கீறலின் முனையிலிருந்தே உடைப்பு ஓடுகிறது என்றும் 1921-ஆம் ஆண்டில் கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் விளக்கினார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும். நிற்கும் ஷீட்டுக்கு அந்தத் தொய்வே இல்லை. 5 மில்லிமீட்டர் கனத்துக்குப் பதிலாக நான்கடி உயரமே அதன் முதுகெலும்பாகிவிடுகிறது.

பெரியவர்களின் கண்ணாடியும் நின்றுகொண்டே பயணம் செய்திருக்கிறது. அமெரிக்காவில் பாலமர் மலைத் தொலைநோக்கிக்காக வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டை 1936-ஆம் ஆண்டில் கார்னிங் நகரிலிருந்து கலிபோர்னியாவுக்கு ரயிலில் கொண்டு போனார்கள். எடை 20 டன். படுக்க வைத்தால் பாதையின் அகலத்துக்கு அடங்காது என்பதும் ஒரு காரணம். எஃகு உறைக்குள் நிற்க வைத்து, தாழ்வான தனி வண்டியில் ஏற்றி, மணிக்கு 25 மைலுக்கு மேற்படாமல், பகலில் மட்டுமே ஓட்டினார்கள். மார்ச் 26-ஆம் நாள் கிளம்பிய ரயில் ஏப்ரல் 10-ஆம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. நம் மாநிலத்திலும் காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி, பெங்களூரில் மெருகேறிய பிறகு சவ்வாது மலைக்கு வந்து சேர்ந்ததுதான்.

நம் கடைவீதிக்கு வரும் சரக்குக்கு இத்தனை மரியாதை இல்லை. ஆயினும் அதற்கும் ஒரு முறை உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் நிறுவனத்தின் ஆலை 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிறகு, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் தட்டைக் கண்ணாடி நமக்கு அருகிலேயே கிடைக்கலாயிற்று. அந்த முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் உலகுக்கு அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தவர் இராமானுசர். அவர் காஞ்சி வழியாக நடந்து வந்தார்; கண்ணாடி நெடுஞ்சாலை வழியாக, நின்றபடியே லாரியில் வருகிறது.

லாரியில் அதைத் தாங்குவது ‘ஏ ஸ்டாண்டு’. ஆங்கில எழுத்து ஏ போல இரு பக்கமும் சாய்ந்த இரும்புச் சட்டம். பார்க்க ஒன்றுமில்லாத பொருள். ஆனால் அதில் எத்தனை யோசனை! சாய்வு நேர்க்குத்திலிருந்து நாலைந்து பாகைதான் இருக்க வேண்டும். குறைந்தால் ஷீட் முன்னால் கவிழும். கூடினால் பின்னால் இருப்பவற்றின் மேல் பாரம் ஏறும். அடித்தட்டு முதுகுச் சட்டத்துக்குச் சரியாகச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷீட் முழு விளிம்பில் நிற்காமல் ஒரு முனையில் நிற்கும். இரும்பு கண்ணாடியைத் தொடவே கூடாது. இடையில் ரப்பரோ மரமோ வேண்டும். ஷீட்டுகளுக்கிடையே காகிதமோ நுண்பொடியோ வேண்டும். ஈரம் புகுந்தால் வெள்ளைத் திட்டு விழுந்து, எத்தனை துடைத்தாலும் போகாது. இரு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும். இறக்கும்போதும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றியே இறக்க வேண்டும். ஒரே பக்கத்தைக் காலி செய்தால் ஸ்டாண்டே மறுபக்கம் சாய்ந்துவிடும்.

வெளிநாடுகளில் 6 மீட்டர் நீளமும் 3.21 மீட்டர் அகலமும் உள்ள முழு ஷீட்டுகளைக் கொண்டுபோக, நடுவில் தரையே இல்லாத வண்டிகள் இருக்கின்றன. தரையில் நிற்கும் ஸ்டாண்டின் மேல் வண்டியே பின்னோக்கி வந்து, அதை அப்படியே வயிற்றுக்குள் தூக்கிக்கொள்கிறது. மனிதன் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. மாமாவுக்கு ஒரு படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது ஸ்ரீரங்கத்துல எந்தத் தெருவுல திரும்பும்?” என்று கேட்டார்.

கடைக்கிடங்கில் நடக்கும் ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். சுவரோரம் இருபது ஷீட்டுகள் சாய்ந்திருக்கின்றன. வாடிக்கையாளர் கேட்பது கடைசியில் இருக்கிறது. முன்னால் உள்ளவற்றை ஒருவர் தம் பக்கமாகச் சாய்த்துத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் பின்னால் கைவிட்டு உருவுகிறார். இருபது ஷீட் என்பது முக்கால் டன். ஐந்து பாகை சாய்ந்திருக்கும்போது மேல் விளிம்பில் தாங்க வேண்டிய விசை சுமார் 32 கிலோ. ‘இவ்வளவுதானே’ என்று தோன்றும். பதினைந்து பாகை சாய்ந்தால் அதுவே 96 கிலோ. இடையில் எச்சரிக்கை மணி எதுவும் அடிப்பதில்லை. தாங்குபவருக்குப் பின்னால் சுவரோ மேசையோ இருந்தால் தப்பிக்க வழியும் இல்லை. இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது மாமா, “கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா நாலுக்கு மேல நான் சாய்க்க மாட்டேன்” என்றார். அவர் கை அறிந்த எல்லையும் என் கணக்கின் எல்லையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

ஸ்டாண்டு, பெல்ட், ரப்பர் எல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான். வாசலில் இருந்து உள்ளே போகும் கடைசி நூறடிக்கு இரண்டு ஜோடிக் கைகளே சாதனம். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், மறுபடி ஒரு கட்டு என்று ரயில் பெட்டி போல நீண்டுகொண்டே போகும். ரேழியில் வெளிச்சம் இருக்காது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படி. நிலைப்படியின் உயரமோ நம் முன்னோர்களின் உயரம். போதாததற்கு ஆடி மாதம் வேறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எட்டடிக்கு நான்கடி ஷீட் என்பது பாய்மரமேதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால் 20 கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் தள்ளும்.

2022-ஆம் ஆண்டின் இறுதி. காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்ததால், எங்கள் குட்டியானை வண்டி நெடுஞ்சாலைப் பாலம் வழியே சுற்றிக்கொண்டு உத்திர வீதிக்கு வந்து சேர்ந்தது. அலமாரிக் கதவுக்கான ஷீட்டுகள். மூன்றாவது ஷீட்டை எடுத்துக்கொண்டு ரேழியிலிருந்து கூடத்துக்குத் திரும்பும்போது, முன்னால் போனவரின் கால் ஈரத் தரையில் வழுக்கியது. அவர் கையிலிருந்து கண்ணாடி நழுவிற்று. தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: விழும் கண்ணாடியைப் பிடிக்காதே, விட்டுவிட்டு விலகு. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே மாமாதான். அவர் விடவில்லை, பிடித்தார். ஷீட் அவர் இடது உள்ளங்கை வழியாக இறங்கியது. கையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு மட்டும்தான் இருந்தது.

தையல் போட்டார்கள். காயம் ஆறியது. தசைநாண் அறுபட்டதால் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

ஏன் பிடித்தார் என்று நான் கேட்கவில்லை, அத்தை கேட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு உடைந்த ஒரு ஷீட்டின் விலையை, அப்போது அவர் இருந்த கடையில், வாரக் கூலியிலிருந்து பிடித்திருந்தார்கள். “கை தானா நீண்டுடுச்சு” என்றார் மாமா. அவ்வளவுதான் அவர் விளக்கம். அந்தக் கை ஏன் நீண்டது என்பதை நான் பல நாள் யோசித்தேன். விட்டுவிடு என்பது பாதுகாப்பு விதி. உடைந்தால் உன் கணக்கு என்பது கடை விதி. இரண்டும் ஒரே மனிதனின் கையில் எப்படிச் சேர்ந்திருக்க முடியும்? பொருளியல் துறை நண்பர் ஒருவர் சட்டத்தை எடுத்துக் காட்டினார். பொருள் சேதத்துக்குக் கூலியில் பிடிக்க வேண்டுமானால், அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக விளைந்ததாக இருக்க வேண்டும். அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமே சொல்லியிருந்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதை விட்டுவிடவில்லை. ரேழியின் இருட்டில் சட்டம் எங்கே இருந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கடைசி நூறடியைப் பற்றி உலகில் யாருமே யோசிக்காமலும் இல்லை. லண்டனில் 1851-இல் திறக்கப்பட்ட பளிங்கு மாளிகைக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் கண்ணாடிப் பலகைகள் தேவைப்பட்டன. அதன் சிற்பியான ஜோசப் பாக்ஸ்டன், கூரையின் நீர்க்கால்களையே தண்டவாளமாக்கி அதன்மேல் ஓடும் தள்ளுவண்டிகளை அமைத்தார். வேலையாட்கள் மறைப்புக்குள் உட்கார்ந்தபடியே, பக்கத்துப் பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பொருத்திக்கொண்டே போனார்கள். 80 பேர் ஒரே வாரத்தில் 18,000-க்கு மேற்பட்ட பலகைகளைப் பொருத்தினார்கள்.

நம் ரேழியில் தண்டவாளம் போட முடியாதுதான். ஆனால் வெட்டுத் தாங்கும் கையுறை நம் ஊரிலேயே கிடைக்கிறது. வெற்றிடத்தால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ‘கப்’ கிடைக்கிறது. கைப்பிடியால் தூக்கலாம், விளிம்பைத் தொடவே வேண்டாம். அதிலும் பம்பு வைத்த வகையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு; பிடி தளர்ந்தால் அது வெளியே தெரியும். புழுதி படிந்த கண்ணாடியிலும், ஈரத்திலும், பூப்போட்ட கண்ணாடியிலும் மட்டும் அதை நம்பக் கூடாது. முதலில் ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி, அதன் பிறகே கப்.

மாமா இப்போது வேறு கடையில் இருக்கிறார். உடைந்தால் கூலியில் பிடிப்பதில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சேர்ந்தார். இடது கைக்கு இறுகப் பிடிக்கும் வலு போய்விட்டதால் முன்னால் நடந்து வழி சொல்வதும், இறக்குவதற்கு முன் ரேழியில் கிடக்கும் செருப்பையும் குடத்தையும் அப்புறப்படுத்தச் சொல்வதும் அவர் வேலையாகிவிட்டன. கனமான ஷீட் என்றால் வலது கையால் கப்பைப் பிடித்துத் தூக்குகிறார். கடையில் நல்ல கப் இரண்டு இருக்கின்றன. விலை உயர்ந்தவை என்பதால் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார் முதலாளி. சாவி அவரிடம். காலை ஒன்பதரை மணிக்கு அவர் வந்த பிறகே 12 மி.மீ. சரக்கு எதுவும் கடையை விட்டுக் கிளம்பும்.