கொல்லைக்கு ஒரு தகர ஷெட்

ஆகஸ்ட் 3

நேற்றைய மழையில் கீற்றுக் கொட்டகையின் மேற்கு மூலை உட்கார்ந்துவிட்டது. "இனிமே கீத்து வேணாம்மா. வேயற ஆளும் இல்ல, கீத்தும் முன்ன மாதிரி கெடைக்கல. தகரத்துல போட்டுருவோம்" என்றார் மாமா. கஜா புயலில் அத்தனை தென்னை விழுந்த வேதாரண்யத்தில் அவர் சொல்வது நியாயம்தான். மண்வெட்டி, கடப்பாரை, ஸ்பிரேயர், தார்ப்பாய், ஆயில் இன்ஜின், உரித்த தேங்காய் எல்லாவற்றுக்கும் பத்துக்கு எட்டு அடி போதும்.

எனக்குத் தகரம் என்றாலே 2018 நவம்பர் 16 விடியற்காலைதான் ஞாபகம் வருகிறது. விடிந்து பார்த்தால் யார் வீட்டுத் தகடோ எங்கள் தென்னையில் குத்தி நின்றது. மனுஷர் மேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே நிறமும் விலையும் அப்புறம். போடுகிற ஷெட் பறக்கக் கூடாது, உப்புக் காற்றில் இற்றுப்போகவும் கூடாது.

ஆகஸ்ட் 9

திருத்துறைப்பூண்டியில் இரும்புக்கடை. ஜிஐ ஷீட் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் எடுத்துப் போடுகிறார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளி நிறம். வித்தியாசம் மேல்பூச்சில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தகட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் ஏறியிருக்கிறது என்பதுதான் ஜிஎஸ்எம் கணக்கு. 275 என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான் கனம். 120 என்றால் எட்டோ ஒன்பதோதான். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். சின்னக் கீறல் விழுந்த இடத்திலும் பக்கத்துப் பூச்சு அந்த வேலையைச் செய்யும். பூச்சு தீர்ந்த பிறகுதான் துரு. கடலோரத்தில் அது சீக்கிரம் தீரும்.

அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சின் மேல் பெயின்ட் ஏற்றிய கலர் ஷீட்டையும் காட்டினார்கள். அந்தக் கலவையில் 55 சதவீதம் அலுமினியம். உப்புக் காற்றுக்கு இதுவே மேல் என்று முடிவு செய்தேன். தடிமன் அரை மில்லிமீட்டர். கடைக்காரர் அதையும் அதைவிட மெல்லிய தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தச் சொன்னார். மெல்லியது குழிந்து, விட்டதும் டப்பென்று எழும்பியது. அரை மில்லி அசையவில்லை. போனில் படம் காட்டி விற்கிற ரெடிமேட் ஷெட்டுகளில் நான் பார்த்த ஒன்றுக்கும் தகட்டின் தடிமனே போட்டிருக்கவில்லை. அதை எப்படி நம்பி வாங்குவது?

ஆகஸ்ட் 10

ஆஸ்பெஸ்டாஸ் போட்டால் சூடு குறையும் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் விளையாடும் கொல்லையில் அதற்கு இடமில்லை.

ஆகஸ்ட் 17

வெல்டிங் பட்டறைத் தம்பி அளவெடுக்க வந்தார். பொறியியல் படிக்கும் மகள் அதற்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றில் எண்பது சதுர அடிக் கூரையை மேலே இழுக்கும் விசை சுமார் அரை டன். கூரைத் தகட்டின் எடை நாற்பது கிலோகூட வராது. தம்பி அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"அக்கா, அப்ப கால குழில சும்மா நட்டாப் பத்தாது" என்றார். நாலு மூலையிலும் ஒன்றரை அடி சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி, அதில் கான்கிரீட். ஒரு குழிக்கு முந்நூறு கிலோ வரும். கான்கிரீட்டில் போல்ட் பதித்து, அதன் மேல் பேஸ் பிளேட், அதில் பைப்பை வைத்து வெல்டிங். கூரை ஓரத்திலும் மூலையிலும்தான் காற்று அதிகம் இழுக்கும் என்பதால் அங்கே திருகு நெருக்கமாக வர வேண்டும். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் கிழிந்து தண்ணீர் இறங்கும்.

ஷீட்டை கிரைண்டரில் அறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தச் சூட்டில் பூச்சு கருகும், தெறிக்கிற இரும்புப் பொறி தகட்டில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். தகரக் கத்திரியால் வெட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் 24

மாமாவுக்கு உர மூட்டையும் விதைநெல்லும் ஷெட்டுக்குப் போக வேண்டும். மறுத்தேன். சித்திரை வெயிலில் தகரத்துக்குள் இருக்கிற சூட்டில் விதையின் முளைப்புத்திறன் போய்விடும். பொட்டாஷ் ஈரத்தை இழுக்கும். அதிலிருக்கும் குளோரைடு இரும்புக்கு ஆகாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, வெத நெல்லு பத்தாயத்துலயே கெடக்கட்டும்" என்றார். உரம் மாட்டுக்கொட்டகைத் திண்ணைக்குப் போகிறது.

ஐப்பசியில் கொல்லையில் தண்ணீர் நிற்கும் என்பதால் செங்கல்லில் ஒன்றரை அடி மேடை கட்டுகிறோம். சுவர்த் தகட்டின் அடி சிமென்டில் புதையக் கூடாது, ஓர் அங்குலம் மேலேயே நிற்க வேண்டும். எதிரெதிராக இரண்டு காற்றுப்போக்கி. கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். புயலில் கதவு திறந்துகொண்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளும். இன்று அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

கடலோரத்தில் ஷெட் போடப் போகிறவர்கள் பில்லில் தகட்டின் தடிமனையும் பூச்சின் எடையையும் எழுதி வாங்குங்கள். கான்கிரீட் போடும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள்.