பறக்காத வாத்து

நான் செய்த ஒரு தப்பைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் மாசி மாதம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதனால் வெண்ணாறு வற்றி, அங்கங்கே மடுவில்தான் தண்ணீர் நின்றது. நானும் தம்பியும் மீன் பிடிக்கப் போனோம். கோரைக்குள் ஒரு வாத்து இருந்தது. அறுத்த வயலில் ஓட்டிவந்து மேய்க்கிற வாத்து இல்லை. அலகு நுனி மஞ்சள், அலகு தொடங்குகிற இடத்தில் ரெண்டு பக்கமும் சிவப்புப் பொட்டு.

கிட்டே போயும் அது பறக்கவில்லை. தண்ணி மேலேயே அடிச்சுக்கிட்டு ஓடியது. "அக்கா, றெக்கை ஒடைஞ்சிருக்கு. வைத்தியம் பண்ணுவோம்" என்றான் தம்பி. துரத்திப் பிடித்து வந்து பஞ்சாரத்தில் கவிழ்த்தோம். நெல் போட்டோம், தொடவே இல்லை. விடிந்து பார்த்தால் செத்துக் கிடந்தது.

அப்பாயி இறக்கையை விரித்துப் பார்த்தது. "எலும்பு ஒண்ணும் ஒடையலையே ஆத்தா. நீளச் சிறகுதான் இல்ல, இப்பத்தான் முளைக்குது" என்றது.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அது புள்ளிமூக்கு வாத்து. வெளிநாட்டிலிருந்து வருவதல்ல, நம் ஊரிலேயே வாழ்வது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல் மறைவில் தரையிலேயே கூடு கட்டும். சுமார் 24 நாள் அடைகாக்கும். குஞ்சுகள் பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே தாய் பின்னால் நீந்தப் போய்விடும். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் பெரிய வாத்துக்குச் சிறகு உதிரும். காக்கைக்கு ஒவ்வொன்றாக உதிரும். வாத்துக்கோ இறக்கையின் நீளச் சிறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிரும். உடம்பு கனம், இறக்கை சின்னது. நாலு சிறகு போனாலே பறப்பது கஷ்டம் என்பதால் இப்படியாம். புதுசு வளர மூணு நாலு வாரம் ஆகும். அதுவரை கோரைதான் அதற்கு வீடு.

அது நோயும் இல்லை, காயமும் இல்லை. நாங்கள்தான் பயமுறுத்திக் கொன்றுவிட்டோம். காட்டு வாத்தைப் பிடிப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றும் டீச்சர் சொன்னார்கள்.

இந்த வருஷமும் அதே மடுவில் ஒரு வாத்து பறக்காமல் இருந்தது. தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு வந்தோம். பங்குனி பிறந்து ஒருநாள் காலையில் எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு ஜிவ்வென்று எழும்பிப் பறந்தது. தம்பி கை தட்டினான். எனக்குப் பழைய வாத்து ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது.

நண்பர்களே, மாசியில் பறக்காத வாத்தைப் பார்த்தால் துரத்தாதீர்கள். கோரையைக் கொளுத்தாதீர்கள். ஒரு மாதம் பொறுத்தால் அது தானே பறக்கும்.