வகை இருக்கிறது, வயதுக்கு ஏற்றது?

முதியோர் குடியிருப்பு என்றதும் உள்ளே எத்தனை உணவகம் என்று கேட்கிறோம். கோலாலம்பூரின் சாலாக் செலாத்தான் போன்ற பழைய வட்டாரத்தில் வகைக்குப் பஞ்சமே இல்லை. ஒட்டுக்கடை, மாமாக் கடை, சீனர் கோப்பிக்கடை. கொமுட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல், அதையொட்டி பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாடு. குறை வேறிடத்தில். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே இன்னும் அதிகம். அதே ஆண்டு சர்க்கரை வரி வந்தபோது, அது அடைத்து விற்கும் பானங்களுக்குத்தான். கிளாஸ் அடியில் இரண்டு விரல் உயரம் நிற்கும் கெட்டிப்பாலை அது தொடவில்லை.

‘குராங் மானிஸ்’, இனிப்பு குறைவாக, என்று சொன்னால் போதாதா என்பார்கள். தேநீருக்குப் போதும், கொதித்து இறங்கிய மீன்குழம்பின் உப்பை யார் குறைப்பது? வீட்டிலேயே சமைக்கலாமே என்பது அடுத்த வாதம். ஒற்றை ஆளுக்குச் சமைப்பதன் செலவும் அலுப்பும் தெரிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். தவிர, காலையில் பசியாறப் போவது நாலு முகம் பார்க்கவும்தான். ஆகவே இன்னொரு கடை வேண்டாம். இருக்கிற கடையிலேயே குழைந்த சோறு, அரை அளவு, உப்புக் குறைந்த ஒரு குழம்பு, சாய்மானமுள்ள நாலு நாற்காலி. கழிவறை வாசற்படியில் ஒரு கைப்பிடி.