ஓதற்பிரிவும் உடன்போக்கும்

தமிழிலக்கணம் பயிலும் மாணாக்கர் யாவரும் ஓதற்பிரிவு என்பதனை அறிவர். கல்வி கருதித் தலைவன் மனைவியைப் பிரிந்து செல்லுதல் அது. தொல்காப்பியனார் அகத்திணையியலில் ஓதல், பகை, தூது என்னும் மூன்றனையும் பிரிவிற்குக் காரணமாக வகுத்தார். கற்பியலில், கல்விக்காகப் பிரியுங் காலம் மூன்றாண்டினைக் கடவாது என்று எல்லையும் வரைந்தார். கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை என்று பொருள்படும் நூற்பாவும் அவர் நூலில் உண்டு. சென்ற ஆண்டு வகுப்பில் இவற்றைப் பாடங் கேட்டபொழுது எம் உள்ளம் ஏட்டினை விட்டு எம் தமக்கையார் வாழும் ஊரினை நாடிச் சென்றது. என்னை? அவர் ஓதச் சென்றவரல்லர். ஓதச் சென்றவருடன் கடல்கடந்து போனவர். பிரிந்து இல்லிலிருந்த தலைவியின் கூற்றாக எத்துணையோ பாட்டுக்கள் உள. ஓதச் சென்றவனோடு உடன்சென்றவளுக்கு உரிய துறை யாதென யாம் தேடியுங் கண்டிலோம்.

எம் ஊர் செஞ்சிப் பக்கத்து அவலூர்பேட்டை. மல்லாட்டைக் கொல்லைகளும் நெல்வயல்களும் சூழ்ந்த சிற்றூர். வாரச்சந்தையன்று மட்டும் பேரூர். தமக்கையார் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, அயலூர்ப் பள்ளியொன்றில் நான்காண்டு பத்தாம் வகுப்பிற்குக் கணக்குக் கற்பித்தவர். அவருடன் சந்தைக்குச் சென்றால், காய்கறி விற்பவள் முதல் மாடு பிடித்து வருபவர் வரை, 'வணக்கம் டீச்சர்' என்பர். பை சுமந்து பின்செல்லும் எமக்கும் அவ்வணக்கத்தில் ஒரு பங்கு கிடைத்ததுபோல் தோன்றும்.

திருமணமான சில திங்களில் அவர் தம் கணவருடன் அமெரிக்க நாட்டின் இந்தியானா மாகாணத்திலுள்ள வெஸ்ட் லஃபாயெட் என்னும் ஊருக்குச் சென்றார். 1869-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பர்டியூ பல்கலைக்கழகம் அங்கே உள்ளது. மாமா அதன்கண் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்கின்றார். ஊரார், 'அமெரிக்காவிலே டீச்சருக்கு எவ்வளவு சம்பளம்?' என்று எம் தந்தையாரை வினவினர். அவ்வினாவிற்குரிய விடையை அப்பொழுது யாம் ஒருவரும் அறியோம்.

விடை இதுதான்: ஒன்றுமில்லை. அந்நாட்டில் மாணவர்க்கு அளிக்கும் இசைவுச்சீட்டு எஃப்-1 எனப்படும். அவர்தம் மனைவிக்கோ கணவருக்கோ அளிப்பது எஃப்-2. எஃப்-2 சீட்டில் உள்ளவர் ஊதியம் பெறும் எவ்வேலையும் செய்தலாகாது. முழுநேரப் படிப்பிற் சேர்தலும் ஆகாது. பகுதிநேரமாகப் பயில்வதற்கு 2015-ஆம் ஆண்டிலேதான் வழி திறந்தனர். உடன்வந்தவர் நிலை நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பிற்கு வருவோரும் அரசின் உதவித்தொகை பெறுவோருமாகிய சிலரே இல்லத்தாரை உடன் அழைத்துவரலாம். ஏனையோர் தனித்தே வரவேண்டும். உடன்போக்கிற்கே அங்குத் தடை. அமெரிக்காவிலோ உடன்போனவர் உழைப்பிற்குத் தடை.

இவையெல்லாம் சட்டம். யாம் செய்த பிழை வேறு. அதனைக் கூறவே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் யாம் ஊரிலிருந்தோம். வகுப்பிற்குரிய கட்டுரை ஒன்றின் ஆங்கிலச் சுருக்கத்தைத் திருத்தித் தருமாறு தமக்கையார்க்கு அனுப்பியிருந்தோம். நான்கு நாள் ஆகியும் அது திரும்பவில்லை. ஐந்தாம் நாள் தொலைபேசியில் அழைத்து, "ஏன் அக்கா, நீ அங்கே சும்மாதானே இருக்கிறாய்?" என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர், "ஆமாம் தம்பி, நாளைக்கு அனுப்புகிறேன்" என்ற விடை மட்டும் வந்தது. அருகிலிருந்த அன்னையார் எம்மை ஒருமுறை நோக்கிவிட்டு அடுப்படிக்குச் சென்றார்.

மறுநாள் கட்டுரை திருத்தம் பெற்று வந்தது. அதனுடன் கோடிட்ட தாள் ஒன்றன் நிழற்படமும் வந்தது. தமக்கையாரின் கையெழுத்தில், வகுப்பிற் கரும்பலகையில் எழுதுவதுபோலவே, மேலே 'ஒரு நாள் கணக்கு' என்று தலைப்பிட்டிருந்தது. அதன் சில பகுதிகளை அவர் இசைவுடன் ஈண்டுத் தருகின்றோம்:

'காலை 6 மணி: சமையல். அவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு டப்பாவில். இரவு எத்தனை மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வருவாரோ தெரியாது.

9 மணி: துணி துவைக்கக் கீழ்த்தளம். பொது இயந்திரம், முன்னால் மூன்று பேர்.

11 மணி: கார் இல்லை. பேருந்தில் கடைக்கு. அரிசி மூட்டை ஒன்பது கிலோ. நிறுத்தத்திலிருந்து வீடு வரை பனியில் வழுக்காமல் நடக்க முக்கால் மணி.

2 மணி: பொது நூலகத்தில் ஆங்கில உரையாடல் வகுப்பு. கொரியா, ஈரான், பிரேசில் நாட்டுப் பெண்கள். ஒருத்தி பல் மருத்துவர், ஒருத்தி வழக்கறிஞர். எல்லோரும் இப்போது என்னைப் போலத்தான்.

5 மணி: அவருக்கு முடி திருத்தினேன். கடைக்குச் சென்றால் ஒரு வாரக் காய்கறிப் பணம் போய்விடும்.

8 மணி: நாளை அவர் கருத்தரங்கில் பேசுவதை இரண்டு முறை கேட்டேன். ஒரு சமன்பாட்டில் கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது, காட்டினேன்.

மீதி: சும்மா, அரை மணி. அப்போது சன்னலருகில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு நடத்துகிறேன். பிள்ளைகள்தாம் இல்லை.'

இக்கடைசி வரியைப் படித்தபின் யாம் நெடுநேரம் திண்ணையிலேயே அமர்ந்திருந்தோம். சும்மா இருத்தலின் அருமையைத் தாயுமானவர் பாடியதைத் தேர்விற்காக உருப்போட்டவர் யாம். அவர் கூறிய சும்மா அரிய நிலை. யாம் தமக்கையார்மேல் எறிந்த சும்மா எளிய சொல். ஒரே சொல்தான், ஆயினும் எறிந்த கை அறியாத காயத்தை அது செய்துவிட்டது.

பிரிவு என்பது இல்லிலிருப்பவர்க்கே உரியதென்று எண்ணியிருந்தோம். உடன்சென்றவர்க்கும் ஒரு பிரிவுண்டு. அது கணவரைப் பிரிதலன்று, தம்மைத் தாமாக்கிய தொழிலைப் பிரிதல். இப்பிரிவிற்குத் தூது விடுவார் இலர். ஆற்றுவிக்கும் தோழியும் இலள். இத்தனை ஆண்டென்று எல்லை கூறும் இலக்கணமும் இல்லை.

இல்லிலிருந்தோர் நிலை எளிதென்று யாம் கூறவில்லை. கணிதமேதை இராமானுசர் 1914 மார்ச்சில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றபொழுது அவர் மனைவி சானகியம்மாள் ஊரிலேயே தங்கினார். இராமானுசர் திரும்பியது 1919 மார்ச்சில். தொல்காப்பியனார் வரைந்த மூன்றாண்டு எல்லை கடந்து ஐந்தாண்டாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். சானகியம்மாள் பின்னாளிற் சென்னையில் தையற்றொழிலால் தம்மைத் தாங்கிக்கொண்டு 1994 வரை வாழ்ந்தார். தங்கியவரும் கல்விக்கு விலை கொடுத்தார், உடன்சென்றவரும் கொடுக்கின்றார். பட்டத்தாளிலோ ஒருவர் பெயரே பொறிக்கப்படும்.

எம் வட்டாரத்திலேயே பழைய உடன்போக்கு ஒன்று உண்டு. மராத்திய மன்னர் இராசாராம் 1689 முதல் 1697 வரை செஞ்சிக் கோட்டையிலிருந்து அரசாண்ட காலத்தில், அவர் மனைவி தாராபாயும் மொழி வேறுபட்ட இந்நாட்டிற்கு வந்து முற்றுகைக்குள் வாழ்ந்தார். 1696-இல் இங்கேயே மகனை ஈன்றார். செஞ்சி வரலாற்றில் படைத்தலைவர் பெயரும் பீரங்கிக் கணக்கும் காண்கிறோம்; அவ்வம்மையாரின் ஒரு நாள் கணக்கினைக் காணோம். ஆயினும், 1700-இல் கணவர் இறந்தபின் அரசைத் தாங்கி முகலாயரோடு பொருதவர் அவரே. கோட்டைக்குள் அவர் சும்மா இருந்தார் என்று எவரே துணிந்து கூறுவர்?

தாளைப் பெற்ற அன்றிரவே தமக்கையாரை அழைத்து, "அக்கா, தப்பு என்னுடையது" என்றோம். அவர் நகைத்து, "கணக்கிலே கூட்டல் சரியா என்று பார்த்தாயா?" என்றார். அந்நகைப்பு எமக்குத் துணிவு தந்தது. எம் தெருவில் பத்தாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகள் அறுவர் கணக்கிற் பின்தங்கியிருப்பதைக் கூறி, ஊதியமின்றி அவர்களுக்குத் தொலைபேசி வழியாகக் கற்பிக்க இயலுமோ என்று வினவினோம். எம் ஊரில் மாலை ஏழு மணி. குளிர்காலத்தில் அவருக்கு அது காலை எட்டரை மணி. "துணி துவைப்பதைப் பத்துக்குத் தள்ளிவிடலாம்" என்றார்.

இப்பொழுது வாரத்தில் மூன்று நாள் எம் வீட்டுத் திண்ணையில் வகுப்பு நடைபெறுகின்றது. விடுமுறை முடிந்து யாம் கல்லூரிக்குத் திரும்பியபின் தந்தையார் தொலைபேசியைச் சொம்பிற் சாய்த்து நிறுத்துகின்றார். அன்னையார் பிள்ளைகளுக்கு அவித்த மல்லாட்டை வைக்கின்றார். முதல் நாள் திரையில் தமக்கையாரின் முகம் தோன்றியவுடன் அறுவரும் எழுந்து நின்று, 'வணக்கம் டீச்சர்' என்றனர். அவர் உடனே விடை கூறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சன்னல் வெளிச்சம் அதிகமாயிருக்கிறதென்றார். அங்கு அன்று பனி மூட்டம் என்பதைச் சற்று முன்னரே மாமா எமக்குக் கூறியிருந்தார்.

இதனால் எல்லாம் நேராயிற்று என்று எழுதோம். சட்டம் சட்டமாகவே உள்ளது. அரிசி மூட்டையும் ஒன்பது கிலோவாகவே உள்ளது. மாமாவின் ஆராய்ச்சி முடிய இன்னும் ஈராண்டு வேண்டுமாம். தம் ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துவிட்டதாக அவர் எம்மிடம் கூறினார்.

நண்பர்களே! நம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் பலர் மேற்படிப்பிற்காக அயல்நாடு செல்கின்றனர். அவர்தம் பட்டங்களை இவ்விதழில் வெளியிட்டு மகிழ்கின்றோம், அது தக்கதே. அவர்களுள் ஒருவரோடு நீவிர் பேச நேரின், உடன்சென்ற மனைவியாரையோ கணவரையோ அழைத்து, அவர்தம் ஒரு நாள் கணக்கையும் கேளுங்கள். கேட்கும்பொழுது அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லற்க.