கேரி ஃபார்வர்ட்

2014 செப்டம்பரில் ஜப்பானின் கோபே நகரில் ஓர் ஆபரேஷன் நடந்தது. எழுபதைத் தாண்டிய பெண்மணி. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அவர் தோலில் துளி எடுத்து, கண் செல்லாக வளர்த்து, மெல்லிய படலமாக அவர் கண்ணுக்குள்ளேயே வைத்தது மசாயோ தகாஹாஷியின் குழு.

தோல் எப்படிங்க கண்ணாகும்? 2006-ல் எலியிலும் அடுத்த வருடம் மனித செல்லிலும் வழியைக் காட்டியவர் ஷின்யா யமனாகா. 2012-ல் நோபல். பி.காம். பாஷையில் சொன்னால், நான்கு ஜீன்களை உள்ளே அனுப்பியதும் தோல் செல் பழைய கணக்கையெல்லாம் குளோஸ் செய்துவிட்டு, கருவில் இருந்தது போல முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அப்புறம் கண் செல்லாக வளர்த்துக்கொள்ளலாம். நோயாளியின் கண்ணைத் தொடாமலே, அவருடைய செல் எங்கே கெடுகிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று தட்டில் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு சிக்கல். ஆராய வேண்டியது முதுமையில் வரும் நோய். தட்டில் இருப்பதோ பச்சைக் குழந்தை. வயதின் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. ஜீனில் எழுதிய பரம்பரைக் கடன் மட்டும் கேரி ஃபார்வர்ட் ஆகிறது.

இதையெல்லாம் நான் படிக்கக் காரணம், ஏரியூரில் இருக்கும் பெரியம்மா. பென்னாகரத்தில் பஸ் மாறிப் போய் நின்றால், “வாப்பா, மூஞ்சிதான் தெரியல. உன் காது தெரியுது, செவுத்துக் காலண்டரு தெரியுது” என்பார். நடுவில் கறுப்பு, ஓரம் பளிச். கேழ்வரகில் கல் பொறுக்க முடியாது. வாசலில் கோழி நுழைந்தால் விரட்டிவிடுவார். ‘டிரை’ வகையாம். ரத்தக்குழாய் கசிகிற ‘வெட்’ வகைக்காவது கண்ணில் போடும் ஊசி இருக்கிறது. இதில் போன பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இன்னும் இல்லை.

போன மாதம் தம்பி, அதாவது பெரியம்மா மகன், போன் செய்தான். “அண்ணா, ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாயிடுமாம். மூணு லட்சம். மேட்டுக்காட்டை வித்துடலாம்னு இருக்கேன்.”

கோபே கதையைச் சொன்னேன். அந்தப் பெண்மணிக்குப் பார்வை கூடவில்லை, மேலும் குறையாமல் நின்றது, அவ்வளவுதான். இரண்டாவது நோயாளியின் செல்களில் ஜீன் மாற்றம் தெரிந்ததும் வைக்காமலே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக், வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை மூன்று பெண்களுக்கு இரண்டு கண்ணிலும் ஏற்றியது. ஆளுக்கு 5,000 டாலர். மூவரும் கடுமையாகப் பார்வை இழந்தார்கள். 2017-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி. நம் ஐ.சி.எம்.ஆர். விதிப்படி, ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கவே கூடாது.

“அப்ப இவங்க ஏன்ணா கேக்கறாங்க?”

அட்வான்ஸ் ஏதாவது கொடுத்தாயா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“பத்தாயிரம்.”