இரண்டு முள்ளும் சேர்ந்து நகர்ந்தால்

ஹெட்லைட் சுவிட்சைப் போட்டதும் டீசல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒன்றாக நகர்ந்தன. அணைத்ததும் பழைய இடத்துக்கே திரும்பின. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளை ஒட்டியிருக்கிறது அந்த எலக்ட்ரிக்கல் கடை. பழைய லாரியோடு வந்திருந்த டிரைவர், மீட்டர் செட்டையே மாற்றிவிடலாம் என்ற முடிவில் இருந்தார். கடைக்காரர் எதையும் கழற்றவில்லை. "ஏனுங்கண்ணா, ஒரு முள்ளு தப்பாக் காட்டுனா சென்சார்னு சொல்லலாம். ரெண்டும் ஒண்ணா ஆடுதுன்னா, ரெண்டுக்கும் பொதுவா இருக்கறதத்தான் மொதல்ல பாக்கோணும்" என்றார்.

பொதுவாக இருந்தது எர்த். வண்டியின் விளக்குகளுக்கும் மீட்டர்களுக்கும் சப்ளை தனித்தனி ஒயரில் போகிறது. பேட்டரிக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் சேஸிஸின் இரும்புதான். மீட்டர் போர்டிலிருந்து அந்த இரும்புக்கு வரும் ஒயரின் நுனியில் துரு ஏறினால் கரண்ட் தடைபடும். ஹெட்லைட்டைப் போடும்போது மீட்டருக்குள் இருக்கும் சின்ன பல்புகளும் எரிகின்றன. அவற்றின் கரண்டும் அதே துருப்பிடித்த முனை வழியாகத்தான் வெளியேற வேண்டும். இருக்கக்கூடாத வோல்டேஜ் ஒன்று அங்கே எழுந்து, முட்களின் கணக்கைக் குலைக்கிறது. கடைக்காரர் மல்டிமீட்டரின் ஒரு முனையை மீட்டரின் எர்த்திலும், மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து என்னிடம் காட்டினார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண் ஒரு வோல்ட்டைத் தாண்டியிருந்தது. உதவிக்கு இருந்த தம்பி எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முடுக்கினான். முட்கள் நகரவில்லை.

டேஷ்போர்டில் தெரியும் ஒவ்வொன்றுக்கும் வேறு எங்கோ ஒரு வேர் இருக்கிறது. டீசல் முள்ளின் வேர் டேங்குக்குள் மிதக்கும் மிதவை. அது ஏறி இறங்க, அதோடு சேர்ந்த மின்தடை மாறுகிறது. வெப்ப முள்ளுக்கு இன்ஜின் தண்ணீரில் முங்கியிருக்கும் சென்சார். சூடு ஏற ஏற அதன் தடை குறையும். ஆயில் விளக்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். ஆயிலுக்கு அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் மூடியிருப்பதால் சாவி போட்டதும் எரிகிறது. இன்ஜின் ஓடி அழுத்தம் வந்ததும் சுவிட்ச் திறந்து அணைகிறது. சாவி போடும்போது ஒளிராத ஆயில் விளக்கை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளும் டிரைவர்கள் இருக்கிறார்கள். பல்போ ஒயரோ போயிருக்கும் அந்த வண்டியில், ஆயில் உண்மையிலேயே வற்றினாலும் எச்சரிக்கை வராது.

இந்தக் கடையில் அதிகம் பேசப்படுவது சார்ஜிங் விளக்கைப் பற்றித்தான். பலரும் அதை வெறும் அறிவிப்பு என்றே எண்ணுகிறார்கள். பழைய வகை ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அந்த பல்பு வேலையிலும் பங்கெடுக்கிறது. சாவி போட்டதும் பேட்டரியின் கரண்ட் பல்பு வழியாகப் போய், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் காயிலை முதன்முதலாகக் காந்தமாக்குகிறது. ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்கத் தொடங்கியதும் பல்பின் இரு பக்கமும் வோல்டேஜ் சமமாகிவிடும், விளக்கு அணைகிறது. பல்பு ஃபியூஸ் போனால் அந்த முதல் காந்தம் கிடைக்காது. அப்படி வந்த வண்டிகளில், கேட்காமலே ஆல்டர்னேட்டரை இறக்கிக் காயில் மாற்றியவர்கள் உண்டு. சின்ன பல்பு ஒன்றைப் பார்க்காததால் ஒரு லாரிக்காரர் அநியாயமாகப் பெரிய தொகை கொடுக்கிறார். எனக்கு இது பொறுக்கவில்லை; கடைக்காரருக்கும்தான்.

வேகமானியின் கதை இன்னும் பழையது. சுழலும் காந்தம் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்க, மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும் அமைப்புக்கு ஓட்டோ ஷுல்ஸே 1902இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வரும் வண்டிகளில் நெடுங்காலம் அதுவே நின்றது. இப்போதோ முள்ளைத் திருப்புவது ஒரு குட்டி ஸ்டெப்பர் மோட்டார். இப்படிப்பட்ட மீட்டர்களைத் தயாரிக்கும் பிரிக்கால் நம் கோவையில்தான் இருக்கிறது.

கூடுதலாக மாட்டும் சாமான்கள் தனிச் சிக்கல். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் போதும் என்று ஒரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துவிடுவார்கள். அந்த பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும். சில மாதங்களில் இரண்டுமே போய்விடும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டால் இந்தச் சேதம் இல்லை. கூடுதல் விளக்குக்கும் அப்படித்தான்: சுவிட்ச் ரிலேயின் 85, 86 முனைகளுக்குள் இருக்கும் காயிலை மட்டும் இயக்க வேண்டும், பெரிய கரண்ட் ஃபியூஸ் வழியாக 30க்கு வந்து 87இல் வெளியேற வேண்டும். பல சுதியில் அலறும் ஏர் ஹாரனை அவர் மாட்டுவதில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 119 அதைத் தடை செய்கிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் கடைக்கு வரும் லாரிகளின் தன்மையே மாறிவிட்டது. இன்ஜின், பிரேக், யூரியா கரைசலைக் கையாளும் பகுதி என எல்லாவற்றுக்கும் தனித்தனி மாட்யூல்கள். அவை முறுக்கிய இரண்டு ஒயர்களில் பேசிக்கொள்கின்றன. மீட்டர் போர்டு அந்தப் பேச்சைக் கேட்டு முள்ளைத் திருப்புகிறது. கேன் எனப்படும் இந்த முறையை 1986இல் பாஷ் நிறுவனம் வெளியிட்டது. எந்த மாட்யூலும் பேசலாம். இரண்டு ஒரே நேரத்தில் தொடங்கினால் முக்கியமான செய்தி தொடர, மற்றது தானாக ஒதுங்கிக் காத்திருக்கும்.

அன்று வந்த புது லாரியில் மீட்டரின் பாதி விளக்குகள் எரிந்தபடி இருந்தன. ஸ்கேனர் 'தொடர்பு இல்லை' என்பதோடு நின்றுவிட்டது. எங்கே அறுந்தது என்பதை மனிதர்தான் தேட வேண்டும். பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு, தம்பி அந்த இரண்டு ஒயருக்கு நடுவே மின்தடையை அளந்தான். லைனின் இரு கோடியிலும் 120 ஓம் தடை உண்டு. இரண்டும் சேர்ந்தால் 60 காட்ட வேண்டும். மல்டிமீட்டர் 120 காட்டியது.

"அண்ணா, ஒரு பக்கம் கட் ஆயிருக்குங்க" என்றான் தம்பி.

"எந்தப் பக்கம்னு பாரு சாமி. கப்ளர் கப்ளரா வா."

கேபினுக்கு அடியில் ஒரு கப்ளரில் பின் ஒன்று உள்ளே நழுவியிருந்தது. புதிதாக ஜிபிஎஸ் மாட்டியவர்கள் அதைப் பிரித்துச் சரியாகப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். தம்பி பின்னை இழுத்துப் பொருத்தினான், 60 வந்தது. ஜிபிஎஸ்ஸுக்குத் தனி ஃபியூஸில் சப்ளை எடுத்துக் கொடுத்தார்கள்.

மாற்றிய சாமான் ஒன்றுமில்லையே, எதற்குக் கூலி என்று ஓனர் போனில் கேட்டார். கடைக்காரர் குரலை உயர்த்தாமல், எங்கெங்கே பார்த்தோம் என்பதை வரிசையாகச் சொன்னார். பிறகு பில்லில் 'ஒயரிங் செக்கிங்' என்று தனியாக ஒரு வரி எழுதி, அதற்கு நேரே முழுக் கூலியையும் போட்டார்.